ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால், தையல் பிரித்தாகிவிட்டதா என்று சொல். அத்தான் போனில், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது மச்சான். கழுத்துல ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு, ரெண்டே இடம்தான். ஆனா கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்காங்க" என்றார். தையல்காரரைக் கட்டிக்கொண்டால் டாக்டர் போட்ட தையலுக்கும் குறை கேட்கத்தான் வேண்டும்.

உன்னை நான் போனில் கூப்பிடப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. பதினெட்டு வருடமாக ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிச் சொல்லி, போனை எடுத்தாலே உனக்கு அந்தக் குரல் வந்துவிடுகிறது. போன வருடம் மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாய். அப்போதும் நான் கூப்பிட்டால், "நல்லா இருக்கேன்டா" என்று மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வரும் தெளிவோடு சொன்னாய். நானும் நம்பித் தொலைத்தேன். அத்தான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதனால் இனிமேல் கடிதம்தான். பேனாவுக்கு அறிவிப்புக் குரல் கிடையாது.

எனக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. கழுத்தில் எந்த நரம்பு? நெஞ்சில் வைத்த பெட்டி எவ்வளவு பெரிது? பாட்டரி எத்தனை வருடம் தாங்கும்? மின்சாரம் பாயும்போது எப்படி இருக்கும்? நான் லிப்ட் மெக்கானிக். எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன்னைத் திறக்க முடியாது, நீதான் எழுத வேண்டும். இன்னொன்று, கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது அது வேலை செய்தால், அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வை. நான் எண்ணிக்கொள்கிறேன்.

மனச்சோர்வுக்குக் கொடுத்த நான்கு விதமான மாத்திரைகளும் உனக்குக் கேட்கவில்லை. இதுவும் கேட்காவிட்டால் அடுத்து என்ன என்று, ஆபரேஷனுக்கு முன்னால் வந்திருந்தபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இது கேட்டே ஆக வேண்டும்.

உன் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள குடைச்சலுக்கு,

உடம்பு பரவாயில்லை. உனக்குச் சளியும் இருமலும் இல்லாமல் இருந்தால் சந்தோஷம். ஆறு வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டாய், இப்போது என்னைப் பிரிக்கப் பார்க்கிறாய். இந்தப் பெயரை உனக்குச் சும்மா வைக்கவில்லை.

பெட்டி, அத்தான் கோட்டுக்கு வைக்கும் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. இடது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கு அடியில் மேடாகத் தெரிகிறது. அங்கிருந்து ஒரு கம்பி கழுத்துக்கு ஏறி ஒரு நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூளையிலிருந்து இறங்கி, தொண்டை, இதயம், வயிறு என்று எல்லாரையும் விசாரித்துக்கொண்டு போகும் நரம்பாம் அது. ● இதோ, வந்துவிட்டது. கேட்டபடி புள்ளி வைத்தாயிற்று. அந்த நரம்பை லேசாக மின்சாரத்தால் தட்டினால், மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கு மூளையில் செய்தி போகுமாம். எப்படி என்று கேட்டேன். "முழுசா எங்களுக்கே தெரியாதும்மா" என்றார் டாக்டர். உண்மை பேசும் ஆள். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

முப்பது வினாடி ஓடும், ஐந்து நிமிடம் ஓயும், மறுபடி ஓடும். நான் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் டாக்டர் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகுமாம். ஓடும்போது தொண்டையில் யாரோ ● விரலை வைத்துச் சுரண்டுவது போல இருக்கும். வலி இல்லை. ஆனால் குரல் கரகரத்துப் போகிறது. முந்தாநாள் வேலைக்குத் திரும்பினேன். ஐந்தாம் நடைமேடை என்று ஆரம்பித்தேன், பாதியில் ஏதோ கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. நிலைய மேலாளர் ஓடி வந்து, "தண்ணி குடிங்கம்மா, தண்ணி குடிங்க" என்றார்.

அதற்காக ஒரு காந்தம் கொடுத்திருக்கிறார்கள். பெட்டிக்கு நேராக அதை வைத்தால் மின்சாரம் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி ஓடும். பேச வேண்டிய நேரத்துக்கு மட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் மைக் முன்னால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சத்தியப் பிரமாணம் எடுப்பது போல நிற்கிறேன். ● ஒரு கையை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்குவதா, தாளைத் திருப்புவதா?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தபோது பன்னிரண்டாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கித்தான் பிரித்தேன், பயப்படாதே.

மூன்று புள்ளி. அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து எனக்கு எழுதியிருக்கிறாய். போன வருடம் ஒரு வரி எழுத உனக்குத் தெம்பில்லை. நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

காந்தத்துக்குப் போய்க் கவலைப்படுகிறாயே! எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. சில சரக்கு லிப்ட்டுகளின் கதவில் காந்த சுவிட்ச் இருக்கும். கதவு மூடி, காந்தம் நேருக்கு நேர் வந்தால்தான் லிப்ட் கிளம்பும். கதவைத் திறந்து வைத்தபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், ஒரு காந்தத்தை எடுத்து சுவிட்ச் மேல் டேப் போட்டு ஒட்டிவிடுவோம். கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு லிப்ட் பேசாமல் ஓடும். செய்யக் கூடாதுதான், ஆனால் செய்யாத மெக்கானிக் கிடையாது. நீயும் சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டிக்கொள். இரண்டு கையும் மிச்சம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் குரலைக் கெடுத்த அந்தப் பெட்டிக்கும் என் வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. இதை அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் எழுதுகிறேன். அதனால் புள்ளி இருக்காது, தேடாதே.

உன் டேப் யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோல் சிவந்து அரித்தது. அத்தான் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் டேப்பா? அசிங்கமா இருக்கு" என்று என் வேலைச் சட்டைகளில் உள்பக்கமாக, சரியாகப் பெட்டிக்கு நேராக ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்துவிட்டார். காந்தம் அதில் அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது. வெளியே தெரியாது. ஐந்து சட்டை, ஐந்து பை. தைத்து முடித்ததும் தன் கைவேலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார், பெருமை தாங்கவில்லை.

குரல் பழையபடி ஆகிவிட்டது. நேற்று நிலைய மேலாளர், "இப்பதாம்மா ஸ்டேஷன் ஸ்டேஷன் மாதிரி இருக்கு" என்றார்.

வண்டி வருகிறது.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். அத்தானின் பைக்கு ஒரு சபாஷ். உங்கள் வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கினாலும் அதற்கு ஒரு உறை தைத்துவிடுவார்.

இப்போது என் கேள்விகள். காந்தத்தை ஒவ்வொரு அறிவிப்புக்கும் எடுத்து எடுத்து வைக்கிறாயா, அல்லது எட்டு மணி நேரமும் அப்படியே இருக்கிறதா? டாக்டர் மின்சாரத்தைக் கூட்டினாரா? தூக்கம் எப்படி? சாப்பாடு? எதையாவது பார்த்து, கொஞ்சமாவது, அட என்று தோன்றுகிறதா?

எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுது.

உன் தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். தாமதத்துக்கு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அத்தான் துணி வெட்டிக்கொண்டிருக்கிறார், நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து இந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்புகிறது. அதற்கும் லிப்ட் வரும்போல.

டாக்டர் மறுபடி கூட்டினார். பழகிவிட்டது, ஓடுவதே தெரிவதில்லை. மற்றபடி வழக்கம்போல.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவது உங்கள் அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் துணியில் எழுதத்தான் வரும், காகிதத்தில் வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் நன்றாக இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், சொல்லாவிட்டால் இல்லை. போன வாரம் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை. நிலைய மேலாளர் போன் செய்து, "அம்மா நடைமேடை ஓரத்துலயே நிக்கிறாங்க, கூப்பிட்டாலும் திரும்பல, நீங்க கொஞ்சம் வாங்க" என்றார். ஓடினேன். வண்டிகள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்ததும் கூடவே வந்துவிட்டாள். என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

டாக்டர், இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், அப்புறமும் பலன் இல்லையென்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம் என்கிறார். எனக்கு ஒன்று புரியவில்லை. வீட்டில் அவள் குரல் ஒரு தடவைகூடக் கம்முவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கம்முகிறது. ஆட்களைப் பார்த்து வருமா அது? நீங்கள் மெஷின் தெரிந்தவர், சொல்லுங்கள்.

என்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஏப்ரலில் வீட்டுச் சட்டைகளிலும் அந்தப் பை வேண்டும் என்றாள், தைத்தேன். நைட்டிகளிலும் கேட்டாள். மெல்லிய துணி, பாரம் தாங்காது. இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். மொத்தம் பதினொன்று. அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

ஒரு வாரம் லீவு கிடைத்தால் வந்து போங்கள்.

உங்கள் அத்தான்


ஜூலை 5

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நைட்டிக்கு எதற்குப் பை? தூக்கத்தில் யாருக்கு அறிவிப்பு சொல்கிறாய்?

அத்தான் எழுதியிருந்தார். அவரைக் கோபிக்காதே, பாவம், தைத்த பையின் எண்ணிக்கையைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு உன் மே மாதக் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், காலையிலிருந்து எழுதிய கடிதம். ஒரு புள்ளிகூட இல்லை. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட ஓடுவது நன்றாகத் தெரிய வேண்டுமே தவிர, தெரியாமல் போகாது. அது ஓடவே இல்லை. காந்தம் ராத்திரி பகலாக உன் மேல்தான் இருக்கிறது. டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாய்.

நான் உனக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த டேப் வேடிக்கையில் பாதியைத்தான் எழுதினேன். என்னோடு வேலை பார்த்த ஒருவன் வேலை முடிந்து காந்தத்தை எடுக்க மறந்துவிட்டான். கதவு திறந்தபடி லிப்ட் மேலே போனது. உள்ளே ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதால் தப்பித்தாள். அவன் அன்றோடு தொழிலை விட்டான். இது தெரிந்தும் நான் உனக்கு அந்த யோசனையைச் சொன்னேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எந்த மெஷினும் தன்னை நிறுத்தி வைத்ததை எங்காவது குறித்து வைத்திருக்கும். டாக்டர் தோண்டிப் பார்ப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் கேட்காத வைத்தியம் என்று சொல்லி அதை எடுத்துவிடுவார்கள். ஓடாத வண்டியை ஓடிக் கெட்டது என்று ஓரங்கட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த வாரம் கிளம்பி வரலாம் என்றுதான் இருந்தேன். நான் வந்து காந்தத்தைப் பிடுங்கினால் நான் போனதும் மறுபடி வைப்பாய். அதனால் எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

அக்கா,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. தினமும் அத்தானுக்குப் போன் செய்து நீ இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன். "இருக்கா மச்சான்" என்கிறார். வைத்துவிடுகிறேன்.

திட்டியாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சுமார். உனக்கு எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன், இது ஐந்தாவது.

நீ எழுதியது சரி. நைட்டியில் பை வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி ஓடவில்லை.

உன் டேப்பும் காரணமில்லை, அத்தானின் பையும் காரணமில்லை. இரண்டு பேரும் பங்கு கேட்டுக்கொண்டு வராதீர்கள். வேலை நேரத்துக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நான் பிசகாமல் செய்த ஒரே காரியம் அந்தக் குரல், அதை விட மனசில்லை. அப்புறம் ஏப்ரலில் ஒரு நாள் டாக்டர் பேச்சுவாக்கில், "சில பேருக்கு இது கேக்காமலும் போகலாம்மா, பார்ப்போம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மாத்திரையும் கேட்காமல் போன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதுவும் போனால் அப்புறம் ஒன்றுமே இல்லை. ஓட விட்டால்தானே தோற்கும்? ஓடாமல் வைத்திருந்தால், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நாளை ஓட்டலாம். கேட்க முட்டாள்தனமாக இருக்கும். அப்போது எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது.

முந்தாநாள் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கருவியில் இருந்த குறிப்பை எடுத்துப் பார்த்தார், அதில் எல்லாம் இருந்தது. அறிவிப்புக்காக வைப்பது என்று நினைத்துத் தான் சரியாகப் பார்க்காமல் விட்டது தன் தப்பு என்றார். பிறகு, "அப்ப நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா. இது நல்ல சேதிதானே?" என்றார். குறைந்த மின்சாரத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார்.

அத்தானிடமும் சொன்னேன். அவர் பதினொரு துணிகளையும் எடுத்து வந்து, பிளேடை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையாகப் பிரித்தார். கடைசிப் பையைப் பிரிக்கும்போது அழுதுவிட்டார்.

நிலைய மேலாளரிடம் என்னை விசாரணை ஜன்னலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மைக் முன்னால் இருந்தால் என் கை தானாகக் காந்தத்தைத் தேடும். என்னை எனக்குத் தெரியும்.

இனி புள்ளி கிடையாது. எண்ணாதே. நம்பினால் நம்பு.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எண்ண மாட்டேன். கேள்வியும் கேட்கப் போவதில்லை, எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட்குமோ கேட்காதோ என்று உனக்கு இருந்த அதே பயம்தான். இனிமேல் அதைச் சேர்ந்தே பயப்படுவோம்.

உன் தம்பி


நவம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள்.

விசாரணை ஜன்னலில் இரண்டு மாதம் ஆகிவிட்டது. வண்டி வந்ததா, போய்விட்டதா, கழிப்பறை எங்கே, இந்த மூன்றுதான் உலகத்தில் எல்லாருக்கும் கேள்வி. பதிலின் நடுவே கரகரப்பு வந்தால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவேன், அரை நிமிடம் காத்திருப்பார்கள். சிலருக்குப் பொறுமை இருக்காது, கரகரத்த குரலிலேயே சொல்லி அனுப்புவேன். ஒரு பெரியவர் மறுநாள் வந்து ஒரு பொட்டலம் தொண்டை மிட்டாய் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நரம்பு, மின்சாரம் என்றெல்லாம் அவரிடம் விளக்க எங்கே நேரம்?

மாற்றம் தெரிகிறதா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாய். எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுவது முன்புபோலவே பாரமாகத்தான் இருக்கிறது. டாக்டர் கணக்குப்படி மூன்று மாதம்தான் ஆகிறது. ஒன்றே ஒன்று. மைக்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நடைமேடை எண்ணை விழுங்கி விழுங்கிப் பேசுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே எல்லாரும் நலமா? இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும், கை நிலையாக இல்லை. இன்றும் எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. நல்ல காரணம்தான், பதறாதே.

நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து, நிலையத்துக்கு எதிர்ச்சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. ஹாரன் இல்லை, ஒன்றும் இல்லை. சக்கரத்துக்கும் எனக்கும் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். நான் பின்னால் ஒரே தாவு தாவினேன். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், நான் நடைபாதையில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். உடனே எழுந்து போய் அந்த டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். "பின்னாடி வரும்போது கண்ணை எங்க வச்சிருந்த? மனுஷங்க போறது தெரியல?" என்று தொடங்கி, நமக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் பெட்டி ஓட ஆரம்பித்து, குரல் கிறீச்சென்று போய்விட்டது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னம்மா சொல்றீங்க? கேக்கல" என்றான். நான் விரலைத் தூக்கிக் காட்டினேன். பயந்துபோய் அவனும் காத்திருந்தான். அரை நிமிடம், நடுத்தெருவில், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கித் திட்டி முடித்தேன். பாவம், கடைசிவரை கேட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றான்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அடிபட்டதா என்று கையைக் காலைப் பார்த்தார். பிறகு, "நடுத்தெருவுல நின்னு எதுக்கு அவனை அப்படித் திட்டுன?" என்றார். "பயமா இருந்துதுங்க. செத்திருப்பேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை தம்பி. ஓரமாக நின்று பார்க்கவில்லை. கால் தானாகத் தாவியது. நான் சாக விரும்பவில்லை.

அக்கா